இராகம் இருக்கும் இடம்

நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கடற்கரையில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது நேரத்தில் நடந்து போகக்கூடிய தூரத்தில் அமைந்திருக்கின்றன. குறிகட்டுவானில் படகேறி வருகின்ற யாத்திரிகர் பலர் இரண்டு சந்நிதிகளிலும் வணங்கியே திரும்புகின்றனர். ஆயினும் இச்சந்நிதிகளுக்கு உரிய சைவம், பௌத்தம் என்னும் இரு சமயங்களுக்குமிடையே பல நூற்றாண்டுகளாகத் தீராத வழக்கொன்று உண்டென்றும், அது நாம் காதாற் கேட்கின்ற ஒலி நிலையுள்ளதா நிலையற்றதா என்னும் வழக்கென்றும் எண்ணிப் பார்ப்பவர் அவர்களுள் மிகச் சிலரே.

மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்பது அறிஞர் பலருடைய கொள்கை; மறுப்போரும் உளர். புத்த பீடிகையை அங்கே தரிசித்துப் பழம்பிறப்பை உணர்ந்து, கோமுகிப் பொய்கையில் அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை, பிற்காலத்தில் காஞ்சிமாநகரை அடைந்து அறவண அடிகளிடம் தர்க்கம் கேட்கின்றாள். அநுமானத்தின் உறுப்புக்களை விளக்குதற்கு அடிகள் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஒலியைப் பற்றியது: ஒலி அநித்தியம், ஏனெனில் அது செய்யப்படுவது; செய்யப்படுவது எதுவும் குடத்தைப் போல அழிந்தே தீரும் என்பது அதன் சாரம். வடமொழித் தர்க்க நூல்களிலே தொன்றுதொட்டு வழங்கிவருகின்ற உதாரணமே இது. ஆயினும் அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபி என்னும் அக்காப்பியப் பெயரையே இன்றும் தாங்கி நிற்பதை நோக்கும்போது, பௌத்த காப்பியத்திலிருந்து அன்ன பாத்திரத்தின் பெயரை மனமுவந்து ஏற்றுக்கொண்ட சைவர், அதே காப்பியத்தின் தர்க்கத்தையும் ஏற்றுக்கொண்டு, அம்மன் வீதியில் இரவு முழுவதும் முழங்குகின்ற நாதசுரம் உடைந்த குடத்துக்கு ஒப்பானதே என்று சொல்லத் துணிவரா என்ற கேள்வி எழாமற் போகாது.

சைவ சித்தாந்தம் தத்துவங்களை 36 எனக் கணக்கிட்டு, அவற்றுள் சுத்தமாயையிலிருந்து முதலிலே தோன்றுவதாக நாதத்தை வைக்கின்றது. நிலமும் நீரும் தீயும் காற்றும் வானும், அவற்றை அறியும் கண்ணும் செவியும், எண்ணுகின்ற மனமும் தோன்றுவதற்கு முன்னரே நாதம் தோன்றிவிட்டது என்பது அதன் துணிபு. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அதனை விட்டுவிட்டு, நாதமே கடவுள் என்று மேடைதோறும் முழங்குவோர் சித்தாந்தத்துக்கும் சங்கீதத்துக்கும் ஒருங்கே குறை செய்கின்றனர். நாதம் மாயையின் காரியமே, சடமே, இறைவனோ நாதத்தையும் கடந்து நிற்பவன். ஆகவே ஒலி செய்யப்படுவது என்று அறவண அடிகள் சொன்னதைச் சைவர் மறுக்கவில்லை. செய்யப்படுவது முன்னர் இல்லாதிருந்து பின்னரும் இல்லாமற் போகின்றது என்னும் முடிபையே மறுக்கின்றனர். இல்லாத பொருள் தோன்றாது, உள்ள பொருள் இல்லாமற் போகாது. தோற்றமாவது சூக்குமமாய் இருந்தது தூலமாதல், ஒடுக்கமாவது தூலமாய் இருந்தது சூக்குமமாதல் என்னும் சற்காரியவாதத்தை ஒலிக்கும் பொருத்தி, வாக்கு நான்கு நிலைகளையுடையது என்று அவர்கள் வகுத்தனர். செவிக்குக் கேட்பது வைகரி. செவிக்கு எட்டாமல் உள்ளத்தினுள்ளே முறைப்பட நிற்பது மத்திமை. அம்முறைதானும் தோன்றாது, தோகையின் வண்ணமெல்லாம் மயில்முட்டையின் நீருள் வேறுபாடின்றி அடங்கியிருத்தல்போல அடங்கியிருப்பது பைசந்தி. அதற்கும் அப்பாலுள்ளது சூக்குமை.

இனி நூல்களை ஒருபுறம் வைத்துவிட்டு, வீதிக்கு வருவோம். ஆனி மாதத்து மகோற்சவ இரவொன்றில், சுவாமி வெளிவீதியிலே தரித்து நிற்க, நாதசுரக்காரர் தோடியைத் தொடங்குகின்றார் என வைத்துக்கொள்வோம். காந்தாரத்தில் அவர் நின்று அசைக்கும்போது ஷட்ஜம் போய்விட்டது. மத்தியமம் இன்னும் வரவில்லை. அந்தக் காந்தாரமும் ஒரே நிலையில் நிற்கவில்லை, அசைவின் ஒவ்வொரு கூறும் அடுத்த கூறுக்கு இடங்கொடுத்து மறைந்துகொண்டே இருக்கின்றது. கோபுரம் நம் கண்முன்னே ஒரு கணத்தில் முழுதாக நிற்கின்றது. தோடியோ இவ்வுலகத்தில் எந்தக் கணத்திலும் முழுதாக நின்றதில்லை. இருந்தும், வீதியோரத்தில் விளக்கடியில் இருந்து கச்சான் வறுத்துச் சுருளிலே அளந்து கொடுத்துக்கொண்டிருக்கின்ற ஆச்சி, கைவேலையை நிறுத்தாமலே தலையை ஒருபுறம் சாய்த்து, "நேற்றும் உதைத்தானே வாசிச்சவர்" என்று பக்கத்துக் கடைக்காரிக்குச் சொல்கின்றாள். அவளுக்கு இராகத்தின் பெயர் தெரியாது, சுரம் தெரியாது. நேற்று ஒழிந்துபோனதும் இன்று பிறந்துகொண்டிருப்பதும் ஒன்றே என்பது மாத்திரம் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்துவிட்டது. எக்கணத்திலும் முழுதாக இல்லாத ஒன்றை அவள் எங்கே கண்டாள்?

பௌத்தர் இதற்கு விடையில்லாதவர் அல்லர். பொருளும் கணந்தோறும் அழிகின்றது, பொருளை அறியும் அறிவும் கணந்தோறும் அழிகின்றது. ஆயினும் அழிகின்ற ஒவ்வோர் அறிவும் தன் வாசனையை அடுத்த அறிவிலே பதித்துச் செல்வதால் சந்தானம் அறாது தொடர்கின்றது, அத்தொடர்ச்சியையே நாம் ஒருத்தியென்றும் ஓர் இராகமென்றும் மயங்குகின்றோம் என்பர் அவர். இதற்கு எதிரே, 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியர், சிவஞானசித்தியாரின் பரபக்கத்திலே பௌத்தரை நீண்ட வாதத்துக்கு அழைக்கின்றார். அவ்வாதத்தின் நெறிநின்று நம் ஆச்சியிடம் வந்தால், நேற்றுக் கேட்டவள் ஒருத்தி, இன்று கேட்பவள் வேறொருத்தியாயின், அதுவே இது என்னும் பிரத்தியபிஞ்ஞை இருவருள் யாருக்கு உண்டாகும் என்று கேட்கவேண்டியிருக்கின்றது. வாசனை பதிகின்றது என்றால், பதிவை ஏற்று நிற்பதற்கு நிலையான ஒன்று வேண்டும். வேண்டாம் என்றால், பதிவு என்ற சொல்லுக்கே பொருளில்லை. இந்த இடத்தில் நான் அருணந்தியார் பக்கமே நிற்கின்றேன். ஆனால் பௌத்தர் கூற்றில் ஒன்றை விட்டுவிட மனம் இடந்தரவில்லை: சுரம் உண்மையாகவே மறைகின்றது, மறைவதனாலேயே அது சங்கீதமாகின்றது. விடாது நீண்டு ஒரேபடியாக ஒலிக்கும் காந்தாரம் தோடியாகாது. ஒழிதலின்றி இராகம் இல்லை என்னும் இவ்வுண்மையைச் சொல்லிக்கொடுத்ததற்காகவேனும் நயினாதீவுக்குச் செல்லும் சைவர் விகாரையின் முன்னின்று கைகூப்பலாம்.

கழிந்தது மாத்திரமன்றி, வரப்போவதும் இராகத்திலும் தாளத்திலும் இப்போதே இருந்துகொண்டிருக்கின்றது. இதனைத் தவிலிலே தெளிவாகக் காணலாம். 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி, ஈழம் பெற்றெடுத்த தவில் மேதை. மேளச்சமா நடக்கும் வீதிகளில் அவருடைய பெயரைச் சொல்லாமல் தவிலைப் பற்றிப் பேசுவார் இன்றும் இல்லை. நல்ல தவில்காரர் ஒருவர் கணக்கொன்றை விரித்துக்கொண்டு போய், ஓரிடத்தில் கையை எடுத்துவிட, மணலில் இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுடைய கைகள் தொடைமீது விழுவதற்காகக் காத்து அந்தரத்தில் நிற்கும் அந்த நொடியைக் கவனித்தவர்கள் அறிவார்கள்: அங்கே ஒலிப்பது ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் அடிக்கப்படாத தாளத்தின் சமம் எல்லோருடைய உடம்பிலும் இருக்கின்றது. பிரத்தியட்சத்தையன்றி வேறு பிரமாணம் வேண்டேன் என்று சாதிக்கும் லோகாயதனை அவ்விடத்தில் கொண்டுவந்து இருத்தினால், அவனுடைய கையும் அந்தரத்திலேயே நிற்கும்.

தை மாதத்தில், வாடைக்காற்று சீராக அடிக்கத் தொடங்கியதும், தீவுகளில் பிள்ளைகளும் பெரியவர்களும் பட்டம் விடுவார்கள். பெரிய பட்டங்களுக்கு விண் பூட்டுவது வழக்கம். வில்லைப்போல வளைத்த ஒரு தடியின் இரு முனைகளுக்குமிடையே, மெல்லிய நாடாவாகச் சீவிய நாரை இழுத்துக் கட்டுவார்கள். பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடா வந்த பின் அதனையும் பயன்படுத்துகின்றார்கள். நாரைச் சீவுவதில் இருக்கின்றது வித்தை: தடித்தால் ஊமையாகிவிடும், மிக மெலிந்தால் கீச்சிட்டு அறுந்துவிடும். கட்டியவர் அதனைக் காற்றுமுகத்தில் பிடித்து, காதோடு வைத்துக் கேட்டு, மறுபடி அவிழ்த்து, இன்னும் சிறிது இழுத்துக் கட்டி, மனம் நிறைந்த பின்னரே பட்டத்தில் ஏற்றுவார். பொழுதுபட்ட பின்னும் பட்டத்தை இறக்காமல் பனையில் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டால், இரவு முழுவதும் விண் கூவிக்கொண்டே இருக்கும். காற்று வலுத்தால் குரல் உயரும், தளர்ந்தால் இறங்கும், முற்றத்துப் பாயிலே படுத்திருப்பவன் பட்டத்தைக் காணான், காற்றைக் காணான், கூவலை மாத்திரம் கேட்டுக்கொண்டு கிடப்பான்.

வேலையற்ற மனம் அப்பொழுது கேட்கின்ற கேள்விகளை அற்பமென்று நான் தள்ளமாட்டேன். அந்த ஒலி யாருடையது? நாரினுடையது என்றால், வீட்டிலே சுவரில் தொங்கும்போது அது பேசவில்லை. காற்றினுடையது என்றால், அதே காற்று வேலியிலும் கிணற்றடியிலும் அடிக்கின்றது, கூவவில்லை. கட்டியவருடையது என்றால், அவர் உறங்கிப் பலமணி நேரமாகிவிட்டது. கேட்பவனுடைய செவியில் மாத்திரம் இருப்பது என்றால், அடுத்த வளவில் இருப்பவனும் அதே குரல் ஏறி இறங்குவதைக் கேட்கின்றானே. நியாய நூலார் ஒலி ஆகாயத்தின் குணமென்றும், நீரில் அலை அலையைப் பிறப்பித்துச் செல்வதுபோல ஓரொலி மற்றோரொலியைப் பிறப்பித்துச் செவியை அடைகின்றதென்றும் கூறி, அதற்கு வீசீதரங்க நியாயம் என்று பெயரிட்டனர். இக்காலத்துப் பௌதிகம் ஆகாயத்தை விட்டுக் காற்றை வைத்துக்கொண்டது, அலையை விடவில்லை. அந்த அலை ஒரு கிலோமீற்றர் கடப்பதற்கு ஏறக்குறைய 3 விநாடி செல்லுமாதலால், அமைதியான இரவில் கடலுக்கு அப்பால் ஒலிக்கும் திருவிழா மேளத்தைப் புங்குடுதீவுக் கரையில் நின்று கேட்பவன், வாசிப்பவர் எப்போதோ கடந்துபோய்விட்ட பிடியையே கேட்கின்றான். இவையெல்லாம் ஒலி வந்த வழியைச் சொல்கின்றன; விண்ணின் கூவல் இனிமையாய் இருப்பதேன், அதைக் கேட்கும்போது மனம் தன்னை மறந்து விரிவதேன் என்பதைச் சொல்லவில்லை. நாரும் காற்றும் வில்லும் கூடியவிடத்து வெளிப்படுவதற்கு இசை முன்னரே ஒருவகையில் இருந்துகொண்டிருந்தது, கூட்டம் கலைந்தாலும் ஒருவகையில் இருக்கும் என்று கொள்ளும் சற்காரியவாதமே எனக்கு இவ்விடத்தில் நிறைவு தருகின்றது.

அந்த ஒருவகை எவ்வகை என்பதற்கு, துறவியாகவும் பௌதிகம் கற்றவராகவும் இருந்த விபுலாநந்த அடிகள் ஒரு குறிப்புத் தந்திருக்கின்றார். மறைந்துபோன யாழை மீட்கும் பொருட்டுப் பல ஆண்டு உழைத்து, 1947இல் யாழ் நூலை வெளியிட்டு, அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். குரல், இளி என்னும் இரு சுரங்களுக்கும் உள்ள உறவு இரண்டுக்கு மூன்று என்னும் எண்ணுறவு. நரம்பு அறுந்தாலும், யாழே மண்ணாய்ப் போனாலும், அதை வாசித்த பாணர் குலமே அற்றுப்போனாலும், இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள உறவு அழிவதில்லை. அதனாலன்றோ எவர் கண்ணும் காணாத கருவியொன்றை அவர் ஏட்டுச்சுவடியிலும் கணக்கிலும் இருந்து எழுப்ப முடிந்தது. நாகபூஷணி அம்மன் கோயிலில், பராக்கிரமபாகு மன்னனுடைய 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலிலொரு பங்கும், மற்றைப் பண்டங்கள் ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதியும் பண்டாரத்துக்கு உரியதென்று அது ஊராத்துறைக்கு வரும் பரதேச வணிகருக்குச் சொல்கின்றது. சுங்கத்தின் கணக்கைக் கல் காப்பாற்றியது. அவ்வணிகர் காற்றுக்குக் காத்துக் கரையில் கிடந்த இரவுகளில் என்ன பாடினார்கள் என்பதைக் கல் காப்பாற்றவில்லை. ஆயினும் அவர்கள் குரலோடு இளியைச் சேர்த்திருந்தால், அதே இரண்டுக்கு மூன்றையே சேர்த்திருப்பார்கள்.

உறவென்றால் உறவுக்கு ஆதாரமாக நிற்பது ஒன்று வேண்டும். நாதசுரத்தின் பக்கத்திலே நின்று ஒத்து ஊதுகின்றவரை யாரும் பார்ப்பதில்லை. அவருடைய குழலின் பக்கத் துளைகள் விரலுக்காக ஏற்பட்டவை அல்ல. மெழுகினால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வதற்காக ஏற்பட்டவை. மூக்கால் மூச்சை வாங்கிக் கன்னத்தில் தேக்கி, இடைவெளி விழாமல் ஒரே சுரத்தை மணிக்கணக்காக ஊதிக்கொண்டு நிற்பதே அவர் தொழில். கைதட்டல் அவருக்கு இல்லை. பொன்னாடையும் பெரும்பாலும் இல்லை. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1918இல் வெளிவந்த சிவநடனம் என்னும் நூலிலே, பாட்டுக்கு முன்னும் பாட்டின் நடுவிலும் பாட்டு முடிந்த பின்னும் கேட்கின்ற தம்புராவின் ஒலியைக் காலங்கடந்த பரம்பொருளுக்கு அறிகுறியாகக் கொண்டார். தம்புராவுக்கு அவர் சொன்னது ஒத்துக்கும் பொருந்தும். நாதசுரத்தின் காந்தாரம் காந்தாரமாவது ஒத்தின் ஷட்ஜத்தோடு சார்ந்து நிற்பதனாலேயே. ஒத்து இல்லாவிட்டால் அது வெறும் ஒலி. உயிரும் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்று சித்தாந்தம் சொல்வதை நான் நூலிற் கற்று நம்பியிருக்கின்றேன். ஒத்தையும் நாதசுரத்தையும் சேர்த்துக் கேட்கும்போதே அது எனக்கு விளங்கியிருக்கின்றது.

நாள்தோறும் நாம் நடத்துகின்ற வாழ்க்கையும் இராகத்தின் இலக்கணத்துக்குப் புறம்பானதன்று. ஒருவரை, நம்மைப் பெற்றவளையேகூட, எந்தக் கணத்திலும் நாம் முழுதாகக் கண்டதில்லை. கண்டவை ஒரு காலை நேரத்து முகம், ஒரு கோபம், கிணற்றடியில் வாளியோடு நின்ற ஒரு நிலை, ஒரு கை. அவற்றில் எதுவும் அவள் அன்று. எல்லாம் சேர்ந்த பின்னும் எஞ்சி நிற்பவளே அவள். அப்படியிருக்க, கையிற் பிடித்துப் பார்க்கக்கூடியதே மெய், மற்றவை நினைப்பு என்று உலகத்தில் ஒருசாரார் எப்படித் துணிந்து பேசுகின்றனர் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதற்கு மறுதலையாக, கையிற் பிடிபடுவதும் பொய்யே, உலகமே தோற்றமாத்திரமே என்பாரும் உளர். வியாவகாரிகம், பாரமார்த்திகம் என இருபடியாகப் பகுத்துப் பேசும் ஏகான்மவாதியின் நுண்மையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் சாவீட்டு முற்றத்தில் பெண்கள் தோளில் தோள் சேர்த்து ஒப்பாரி சொல்லும்போது, அந்த இராகத்தைக் கேட்டுக்கொண்டு, துக்கம் தோற்றமே என்று சொல்ல எவருக்கு நா எழும்? 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, பெண்களும் குழந்தைகளும் உட்பட, பயணிகள் கடலில் வைத்துக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் நெடுந்தீவார் அவர்களை நினைந்து விளக்கேற்றுகின்றனர். நெடுந்தீவு இறங்குதுறையில் நின்று பிரபஞ்சம் பொய் என்று உபதேசிக்க முடியாத ஒரு தத்துவம், வேறெங்கு நின்று உபதேசித்தாலும் எனக்கு வேண்டியதில்லை. கொழும்புத்துறையில் ஒரு சிறு கொட்டிலில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சுவாமிகள், தம்மிடம் வந்தோருக்கு யாவும் உண்மையே என்று சொல்லிவந்தார். இன்பத்தை மாத்திரம் உட்கொண்டு அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். ஒப்பாரியும் அவர் செவியில் விழுந்திருக்கும்.

போரினால் 1990இல் தீவுகளிலிருந்து ஊரோடு பெயர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு, திருவிழா மேளத்தைக் கைத்தொலைபேசியிலே கேட்கின்றனர். கடலும் பனையும் இல்லாத ஓர் அறையில் தோடி வெளிப்படுகின்றது. கேட்டவர் கண் கலங்குகின்றது. வாசித்தவருடைய மூச்சு எப்போதோ காற்றோடு கலந்துவிட்டது. இராகம் இருக்கும் இடத்தை நான் இன்னும் விரல்சுட்டிக் காட்டிவிடவில்லை. தீவுக்குள்ளேதான் இருக்கின்றதென்று யாரும் சொல்லமுடியாது என்பது மாத்திரம் தெரிகின்றது.

இவ்விசாரத்தில் இறங்க விரும்புவோர்க்கு முதலில் வேண்டியது காது. காதுக்கு வேண்டியது கேட்கத்தக்க ஒலி. நம் தீவுக் கோயில்களின் பரிபாலன சபையாரிடமும் திருவிழா உபயகாரரிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஒத்து ஊதுவோர் அருகிவிட்டனர். மின்சாரச் சுருதிப்பெட்டி அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. உபயத் திருவிழாவுக்கு இன்னொரு கூட்டம் தவிலை அழைக்கும் செலவில், ஒத்துக்காரர் ஒருவரை அழையுங்கள். பழகவிரும்பும் இளைஞன் ஒருவன் இருந்தால் அவனுக்கு ஆதரவு கொடுங்கள். சுவாமி வீதியில் நிற்க, நாதசுரக்காரர் ஆலாபனை தொடங்கியதும், அந்த ஒரு மணி நேரத்துக்காவது ஒலிபெருக்கியை நிறுத்திவையுங்கள்.